நான் வேண்டாமென்ற அரை மணி நேரம்

ஜெரி,

திங்கட்கிழமை காலையில் நீ போனில் கத்தியதற்கு நான் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடும் என்று தெரிந்துதான், அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. "இன்னாம்மா இது? ரெண்டு வருஷமா அதே பேச்சா இருந்தே. எடம் கெடச்சதும் வேணான்னு எழுதிக் குடுத்துட்டியாமே. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாய். இல்லை, கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ பேசிப் பேசியே என் மனதை மாற்றியிருப்பாய்; மேடையில் பழகிய வாய் உன்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. உனக்குக் கோபம் வர வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அது நீ நினைக்கிற விஷயம் இல்லை.

அந்த மாநாட்டில் பேச நான் ஏன் அவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்குக்கூட முழுசாகத் தெரியாது. உன்னைப் போன்ற டெவலப்பர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வைட்ஃபீல்டில் ஒரு ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் கூடுகிறீர்கள். தாங்கள் செய்த வேலையைப் பற்றி ஒவ்வொருவராக அரை மணி நேரம் பேசுகிறீர்கள். நீ மூன்று தடவை பேசிவிட்டாய். நான் டெஸ்டர். நீங்கள் எழுதிக் கொடுப்பதில் எங்கே ஓட்டை என்று தேடிச் சொல்கிறவள். இருபத்துநாலு வருஷமாக இதே வேலை. எங்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை, கல்யாண வீட்டில் குறை சொல்லும் சொந்தக்காரியைக் கூப்பிடாத மாதிரி. அடுத்த வருஷக் கடைசியில் ரிடையர் ஆகிறேன். அதற்குள் ஒரு தடவையாவது அந்த மைக்கின் முன்னால் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

அந்த விஷயம் என் சொந்தத் தப்பு. சில வருஷங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் செய்து கொடுத்த மென்பொருளில் நோயாளியின் பெயரைப் பதியும் பக்கத்தை டெஸ்ட் செய்தது நான்தான். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் மேலே போக முடியாது; ஒரே ஓர் எழுத்தைப் போட்டாலும் ஏற்காது. நான் அமித் குமார், நேஹா சிங் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் நன்றாக ஓடியது. சரி என்று கையெழுத்துப் போட்டேன். நம் வீட்டில் யாருக்கடா குடும்பப் பெயர் இருக்கிறது? உன் தாத்தாவின் முதல் எழுத்து எனக்கு, அப்பாவின் முதல் எழுத்து உனக்கு. நானே பேங்கிலும் ரேஷன் கார்டு ஆபீசிலும் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு புள்ளி வைத்துத் தப்பித்துக்கொண்டு வந்தவள். அவ்வளவு பழகிப் போனதால், என் பெயரையே ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மருத்துவமனை கவுன்டரில் இருந்தவர்களும் என்னைப் போலவே புள்ளி வைத்தார்கள்; ஒற்றை எழுத்தைத் தள்ளிய அந்தக் கட்டம் புள்ளியை மட்டும் ஏற்றுக்கொண்டது. முனியம்மா, புள்ளி. பிறந்த தேதி தெரியாது என்றால் ஜனவரி ஒன்று. இப்படி இரண்டு முனியம்மாக்கள் வந்ததும் இரண்டு பேரும் ஒருவரே என்று கம்ப்யூட்டர் சேர்த்துவிட்டது. ஒருவரின் ரத்தப் பரிசோதனை இன்னொருவரின் ஃபைலில் ஏறியது. வார்டில் இருந்த நர்ஸ் சந்தேகப்பட்டுக் கேட்டதால் மருந்து மாறவில்லை. அந்த நர்ஸ் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இதைத்தான் பேச எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை நிராகரித்தார்கள். இந்த வருஷம் தேர்வாகிவிட்டது என்று மெயில் வந்தபோது ஆபீஸ் கேன்டீனில் இருந்தேன், அங்கேயே அழுதுவிட்டேன். உனக்குப் போன் செய்தேன். "சூப்பர்மா, நீ பேசாம யாரு பேசுவா" என்றாய். உன் குரலில் ஆச்சரியம் இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். இருபத்துநாலு வருஷம் ஓட்டை தேடினவளுக்கு அந்த ஓட்டை தெரியவில்லை பார்.

மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்பு, பேச்சாளர்களோடு ஒருவர் ஒருவராக வீடியோவில் பேசினார்கள். என்னோடு பேசியது அமைப்பாளர் மேகனா. கன்னடப் பெண், உன் பழைய ஆபீஸ் தோழி என்று எனக்கு அதுவரை தெரியாது. நாங்கள் கன்னடத்திலேயே பேசிக்கொண்டோம். நல்ல பெண். எனக்குப் பதற்றமாக இருக்கிறது என்றதும், "பர்வாகில்ல ஆன்ட்டி, ஜெரி உங்களைப் பத்தி அவ்ளோ சொல்லியிருக்கான்" என்று தைரியம் சொல்ல ஆரம்பித்தாள். என் பேச்சு வெயிட்டிங் லிஸ்ட்டில் மூன்றாவதாக இருந்ததாம். நீ போன் செய்து, அம்மாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, எப்படியாவது பார் என்றாயாம். இடம் ஒன்று காலியானதும் மேலே இருந்த இரண்டு பேரைத் தாண்டி என்னை எடுத்தார்களாம். அந்தப் பெண் இதை ஒளிக்கவே இல்லை. நீ எவ்வளவு பாசமான பிள்ளை என்று எனக்குச் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் சொன்னாள்.

எனக்கு முகம் சுட்டது. கேமராவை அணைத்துவிட்டு, நெட் சரியில்லை என்று பொய் சொன்னேன். அப்பாவிடம் சொன்னால் அவர் பைக் உதிரி பாகத்தைத் துடைத்துக்கொண்டே, "பையன் அம்மாவுக்குச் செய்யாம ஊருக்கா செய்வான்? குடுத்தத வாங்கிக்கினு போவியா, அத உட்டுட்டு" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை செய்த உன் தாத்தா என்னை ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு மிஷன் பள்ளியில் சேர்க்க வந்தபோது கையில் கொண்டுவந்தது எங்கள் சபை ஆயர் கொடுத்த கடிதம். இன்னார் மகள், சபை அங்கத்தினர், நன்றாகப் படிக்கிற பெண், ஹாஸ்டலில் இடம் கொடுத்து உதவவும், என்று. தலைமை ஆசிரியை அதை எனக்கும் உன் தாத்தாவுக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படித்தார். "கடிதத்துல நல்லாப் படிக்கிற பொண்ணுன்னு போட்டிருக்கு, பாப்போம்" என்று சொல்லி, அங்கேயே ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொன்னார். சிபாரிசு என்றால் எனக்கு அருவருப்பு என்று நினைக்காதே. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் இன்றைக்கு நானும் இல்லை, நீயும் இல்லை. ஆனால் அது கவரில் வந்தது, சபையின் முத்திரையோடு வந்தது, யார் யாருக்காகச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உன் போன் அப்படி வரவில்லை.

இரண்டு நாள் உன் மேல் கொதித்துக்கொண்டு இருந்தேன். என்னை அவ்வளவு லேசாக நினைத்துவிட்டானா, என் பேச்சு தானாக நிற்காது என்று முடிவே கட்டிவிட்டானா என்றெல்லாம். மூன்றாம் நாள் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உன் இருபத்திரண்டாவது வயசு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் உன் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

இனி வருவதை நிதானமாகப் படி. நீ காலேஜ் முடித்து மூன்று கம்பெனி இன்டர்வியூவில் தோற்றுவிட்டு வீட்டில் கிடந்தாய். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவில் காம்பவுண்டில் ஸ்டீபன் அங்கிள் காரை எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். சபைக் கமிட்டியில் இருந்தவர், வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். நான் ஓடிப்போய் நின்றேன். "அண்ணா, ஜெரி வீட்லயே சுருண்டு கெடக்கறான். பாக்கவே கஷ்டமா கீது. எதனா ஒரு வழி பண்ணுங்கண்ணா" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "பயோடேட்டா அனுப்பும்மா. எடுத்துப் பாக்கச் சொல்றேன். மத்தது அவன் கையில" என்றார். பிறகு நான் ஒன்று கேட்டேன், அதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது. "அவனுக்குத் தெரிய வேணாங்கண்ணா" என்றேன். பத்தாம் நாள் உனக்கு அந்தக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. நீ ஏற்கெனவே அங்கே விண்ணப்பம் போட்டிருந்ததால் உனக்குச் சந்தேகமே வரவில்லை. இன்டர்வியூவில் பாஸானது நீ. அதில் அவரோ நானோ தலையிடவில்லை, அது சத்தியம். ஆனால் குவிந்து கிடந்த காகிதங்களிலிருந்து உன் காகிதத்தை வெளியே எடுக்க வைத்தது நான்.

அதோடு போயிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு செத்துப்போயிருப்பேன். நீ அதை மேடையில் சொல்ல ஆரம்பித்தாய். "எனக்கு யாரையும் தெரியாது. சிபாரிசு கெடையாது. சின்னதா ஒரு ப்ராஜெக்ட் எழுதி நெட்ல போட்டேன். அதப் பாத்துக் கூப்ட்டாங்க" என்று. முதல் தடவை நீ அதைச் சொன்னபோது நான் ஐந்தாவது வரிசையில் இருந்தேன். கை தட்டினேன். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் என் மகன் என்று வேறு சொன்னேன். உன் ப்ராஜெக்டை அவர்கள் பார்த்தது உன் காகிதத்தைக் கையில் எடுத்த பிறகு என்று எனக்குத் தெரியும். நீ பொய் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். பொய் என்னுடையது. நீ தோற்றுப்போய்க் கிடந்தபோது உன்னை உன் காலிலேயே எழுந்தவனாக நினைக்கவிட்டது நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு அது நல்லதாகத்தான் இருந்தது. உன் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள் என்று கேட்க வேண்டிய இடம் இதுதான், கேட்கிறேன்.

பஸ்ஸில் இதெல்லாம் ஞாபகம் வந்த அன்றைக்கு மதியமே மேகனாவுக்கு எழுதினேன். என் பெயரை எடுத்துவிட்டு வெயிட்டிங் லிஸ்ட்டில் முதலில் இருந்தவருக்குக் கொடுங்கள், காரணம் உங்களுக்குத் தெரியும் என்று. அவள் போன் செய்து, "ஆன்ட்டி, உங்க டாபிக் நிஜமாவே நல்லா இருக்கு, அதனாலயும்தான் எடுத்தோம்" என்று கெஞ்சினாள். இருக்கலாம். எவ்வளவு டாபிக்கால், எவ்வளவு உன்னால் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை, அதுதான் சங்கடம். அவளைத் திட்ட வேண்டாம். உன்னிடம் சொல்லாதே என்று அவளைக் கட்டாயப்படுத்தியது நான். மாநாடு முடிந்தபிறகுதான் உனக்கு விஷயம் தெரிந்தது என்றால் என் வேலை அது. நீ புனேயில் ஆபீஸ் வேலையாக இருந்ததும் எனக்கு வசதியாகப் போயிற்று.

ஆனால் நான் போனேன். அதை மேகனா உன்னிடம் சொன்னாளா தெரியவில்லை. மற்றவர்களைப் போல டிக்கெட் வாங்கி, லிங்கராஜபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து, பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறிப் போனேன். அப்பா வாசலில் நின்று, "வேணான்னு சொன்ன எடத்துக்கு இன்னாத்துக்குப் போற?" என்று கேட்டார். பேசத்தான் வேண்டாம் என்றேன், கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றேன். எனக்கென்று இருந்த அரை மணி நேரத்தில் ஹூப்ளியிலிருந்து வந்த ஓர் ஆள் பேசினார். அவர் திணறுவார், நமக்கு மனசு ஆறும் என்று உள்ளே ஒரு சின்ன ஆசை இருந்ததை மறைக்கவில்லை. அவர் அருமையாகப் பேசினார். நான் நோட்டில் இரண்டு பக்கம் குறிப்பு எடுத்தேன். வயிறு எரிந்துகொண்டேதான் எடுத்தேன்.

சாப்பாட்டுக்குப் போகும் வழியில் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம், ஐந்து நிமிஷம் பேசலாம், முதலில் எழுதும் பத்துப் பேருக்கு இடம். யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. எட்டுப் பெயர் இருந்தது. அந்த மார்க்கரை நான் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, பின்னால் ஒருவர், "மேடம், எழுதறீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டார். எழுதினேன். அரை மணி நேரத்துக்குத் தயாரித்ததை ஐந்து நிமிஷத்துக்குள் எப்படி அடக்குவது என்று தயிர்சாதத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

மேடையேறின பிறகுதான் கவனித்தேன். படம் போடும் ரிமோட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வேறு வழியில்லாமல் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினேன். அதில் என் பெயர், அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. உங்கள் மாநாட்டுக்குப் பதிவு செய்யும் பக்கமும் என் ஒற்றை எழுத்தை ஏற்கவில்லை, நான் வழக்கம்போலப் புள்ளி வைத்தேன், இந்தப் புள்ளியால் இரண்டு முனியம்மாக்கள் ஒருவரானார்கள், அந்தப் பக்கத்துக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான் என்றேன். ஹாலில் சிரிப்பு வந்தது, அப்புறம் நின்றது. மூன்று விஷயம் சொல்ல நினைத்தேன். இரண்டாவது முடியும்போதே மணி அடித்துவிட்டார்கள். வாக்கியத்தின் பாதியில் இறங்கினேன். எழுந்து நின்று யாரும் கை தட்டவில்லை. எல்லோருக்கும் தட்டியது போல எனக்கும் தட்டினார்கள். தேநீர் நேரத்தில் ஒரு பெண் வந்து, தன் கம்பெனியும் ஆஸ்பத்திரி மென்பொருள்தான் செய்கிறது, என்னென்ன பெயர்களைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் தருவீர்களா என்று கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். முதல் பெயராக என் பெயரை எழுதினேன். அன்றைக்கு மெட்ரோவில் திரும்பி வரும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது? அரை மணி நேரம் பேசியிருந்தால் இது கிடைத்திருக்காது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் உன் போனை நினைத்திருப்பேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆலோசனை இல்லை, நேராகவே கேட்கிறேன். அடுத்த மாதம் தங்கவயலில் எஞ்சினியரிங் பிள்ளைகளிடம் பேசப் போகிறாய். சிபாரிசு கிடையாது என்கிற அந்த வரியை அங்கே சொல்லாதே. அங்கே உட்காரப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டீபன் அங்கிள் மாதிரி ஒருவர் கிடையாது. இருபது இடத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு அழைப்பு வராத ஒரு பெண் நீ சொல்வதைக் கேட்டால், தப்பு தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டு போவாள். என் அம்மா ஒருவரிடம் போய்க் கேட்டாள், என் காகிதத்தை எடுத்துப் பார்த்தார்கள், அதற்கப்புறம் நான் ஜெயித்தேன் என்று சொல். என் பெயரைத் தாராளமாகப் போடு. அவர்களில் நாலு பேருடைய காகிதத்தை உன் ஆபீசில் எடுத்துப் பார்க்க வைக்க முடியுமானால் வை, எல்லோருக்கும் தெரிய வை. உனக்கு இதைப் படித்து நெஞ்சு வலிக்கும் என்று தெரியும். நீ சம்பாதித்த எதையும் நான் திருப்பிக் கேட்கவில்லை. மூன்று வருஷம் அங்கே நின்று காட்டியதும், அதற்கப்புறம் ஏறியதும் உன் உழைப்பு.

இன்னொன்று. அடுத்த வருஷ மாநாட்டுக்குப் பேச்சுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உன்னைச் சேர்த்திருப்பதாக மேகனா சொன்னாள். சந்தோஷம். விண்ணப்பங்களை இப்போதே வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், நான் நேற்றே என்னுடையதை அனுப்பிவிட்டேன். அதே முனியம்மாக்கள்தான், ஆனால் இந்த முறை மூன்றாவது விஷயத்தை முதலில் வைத்திருக்கிறேன். பெயரை மறைத்துத்தான் உங்களுக்குக் கொடுப்பார்கள். மறைத்தாலும் உனக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். தெரிந்த அந்த நிமிஷமே நிறுத்து. மார்க் போடாதே, கூட்டியும் போடாதே, நியாயமாக இருக்கிறேன் பேர்வழி என்று குறைத்தும் போடாதே. யாருக்கும் தனியாகப் போன் செய்யாதே. குழுவில் எல்லோரும் இருக்கும்போது, "இது எங்க அம்மாவோடது, நான் இதைத் தொட மாட்டேன்" என்று அவர்கள் காதில் விழுகிற மாதிரி சொல். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போ. அவர்கள் முடிவு செய்யும்வரை உள்ளே வராதே.

அம்மா